ஐந்நூற்று நாற்பது கிராம்

மார்ச் பதினேழாம் தேதி காலை எட்டரை மணிக்கு, நான்காம் வழித்தடத்தின் மூன்றாவது மழைமானியில், கடல்மட்டத்துக்கு மேல் 2,140 மீட்டர் உயரத்தில், முந்தைய மாலையிலிருந்து பெய்த மழை 42.6 மில்லிமீட்டர் என்று பதிவாயிற்று. அந்த மழைமானியிலிருந்து பதினோரு அடி தள்ளி, ஒரு கூடாரத்துக்குள், 5.8 மில்லிமீட்டர்.

இரண்டாவது எண்ணை எழுதுவதற்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. அதை எடுத்தவள் தன் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். சொட்டுகிற இடத்தில் பாத்திரம் வைத்து அளப்பது முறையான அளவு ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாக மழை அளக்கிறவள். ஆனாலும் கால்மாட்டில் தண்ணீர் சொட்டத் தொடங்கியதும் கை தானாகப் போய் உபரி மானியை எடுத்து வைத்துவிட்டது. வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

அலுவலகத்தில் அவளை மில்லி என்பார்கள். மில்லிமீட்டரின் சுருக்கம். தேநீரைக்கூடக் கோப்பையின் எந்தக் கோடு வரை என்று சொல்லி வாங்குகிறவள் என்று வைத்த பெயர். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

மலைமுகட்டில் மூன்று இரவு தங்கி, காலையும் மாலையுமாக ஆறு வாசிப்பு எடுத்துக்கொண்டு இறங்குவது நான்காம் வழித்தடத்தின் வேலை. முன்பு மேலே ஒரு குடில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அதன் கூரையைக் காற்று கொண்டுபோய்விட்டது. புதுக் கூரைக்கான கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதுவரைக்கும் இலாகா கொடுத்த கூடாரம்தான். எடை மூன்றே கால் கிலோ. போன செப்டம்பரில் மில்லியின் இடது முழங்காலில் அறுவை நடந்தது. முதுகில் எட்டுக் கிலோவுக்கு மேல் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டு மேற்பார்வையாளரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கிடங்குத் தராசில் அவள் பையை வைத்துப் பார்த்த பிறகே அவர் கையெழுத்துப் போடுவார்.

மூன்று சோதனைப் பயணம் என்று அவர் சொல்லியிருந்தார். மழைக்காலத்துக்கு முன்னால் அதற்குத்தான் நேரம் இருக்கிறது. முடிந்தால் வழித்தடம் அவளுக்கு. முடியாவிட்டால் கீழே கணினி அறையில், மற்றவர்கள் கொண்டுவரும் எண்களைத் தட்டச்சு செய்யும் வேலை.

அவள் வீட்டுச் சமையல் தராசில் ஒவ்வொரு பொருளாக எடை போட்டாள். துவட்டும் துண்டைப் பாதியாக வெட்டினாள். பல்துலக்கியின் கைப்பிடியை அறுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், "முட்டியில வச்ச ஸ்க்ரூவையும் கழட்டிப் பாக்கலாம், முப்பது கிராம் வரும்" என்றார். எல்லாம் போக, கூடாரத்துக்கு மிஞ்சியது 540 கிராம்.

அந்த எடைக்கு ஆளின் அளவு எடுத்துச் செய்து தருகிற ஒருவரை அவள் இணையத்தில் கண்டுபிடித்தாள். படிவத்தில் மூன்றே கட்டம்: ஆளின் உயரம், தோள் அகலம், அதிகபட்ச எடை. அவள் ஐந்தடி பத்து அங்குலம். கடையில் கிடைக்கிற கூடாரம் எதிலும் கால் நீட்ட முடியாது. கீழே தடித்த எழுத்தில் ஒரு உறுதிமொழி இருந்தது: நீங்கள் எழுதும் எடைக்கு மேல் ஒரு கிராம் கூடினாலும் புதிதாகச் செய்து தருவோம். ஏழு வாரத்தில் பார்சல் வந்தது. இரண்டு கை சேர்த்துப் பிடித்தால் அடங்குகிற பொட்டலம். கூடவே ஒரு அட்டை. அதில் பேனாவால் 539.6 கி. என்று எழுதியிருந்தது.

அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருந்த ஆறில் அவள் விழுந்துவிட்டாள். தசமம் வரை எழுதுகிற மனிதன் தப்பான வேலை செய்ய மாட்டான் என்று தோன்றியது.

இப்போது அந்த மனிதன் செய்த கூடாரத்தின் வலது கால்மாட்டில், கூரையும் பக்கத்துணியும் சேர்கிற தையலில், ஊசித்துளை ஒவ்வொன்றும் தனித்தனியே முத்து கோத்துக்கொண்டிருந்தது. பதினேழாம் தேதி பகலில் வெயில் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. மாலையில் மறுபடி பிடித்துக்கொண்டது. பதினெட்டாம் தேதி காலை வாசிப்பை எடுத்த கையோடு, பிழிந்தால் ஒழுகும் தூக்கப்பையைச் சுருட்டிக்கொண்டு, பல் தந்தியடிக்க இறங்கினாள். இரண்டு வாசிப்பு போயிற்று. பதிவேட்டில் அந்தக் கட்டங்களில் கோடு போட வேண்டும். பத்தொன்பது வருடத்தில் அவள் கோடு போட்டதில்லை.

"என்னம்மா, ரெண்டு கோடு?" என்றார் மேற்பார்வையாளர்.

"நனைஞ்சிட்டேன் சார்."

"மழை அளக்கப் போனா நனையத்தான் செய்வாங்க."

"வெளிய நனையலாம் சார். உள்ள நனையக் கூடாது."

அவர் பேனாவால் காதைக் குடைந்துகொண்டு யோசித்தார். கெட்டவர் இல்லை. ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கிறவர், அவ்வளவுதான். "இலாகா டென்ட் இருக்கு. மேல ஒரு சொட்டு விழுந்ததா ரிப்போர்ட் இல்ல. நம்ம சின்னப் பையன் ஒல்லி அதைத் தூக்கிக்கிட்டுப் பாட்டுப் பாடிட்டே ஏறுறான்."

"எனக்கு எட்டுக் கிலோ சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார். "இன்னும் ரெண்டு பயணம் இருக்கு. பாருங்க."

வீட்டில் உட்கார்ந்து கூடாரம் செய்தவருக்குக் கடிதம் எழுதினாள். புகாராக எழுத வரவில்லை, அறிக்கையாகத்தான் வந்தது. நேரம், காற்றின் திசை, வெளி மழை, உள் மழை, சொட்டின் இடைவெளி, எந்தத் தையல், எத்தனை சென்டிமீட்டர் நீளத்துக்கு. தூக்கப்பை காய்ந்திருந்தபோது 780 கிராம், நனைந்த பிறகு 1,460 கிராம். மூன்றாம் நாள் பதில் வந்தது. மிகப் பணிவான பதில். ஒரே அடுக்குத் துணியில் செய்த ஒற்றைச் சுவர்க் கூடாரங்களில் உள்பக்கம் ஈரம் கோப்பது இயல்பு என்றும், அது மழை அல்ல, பயன்படுத்துபவரின் மூச்சுக்காற்றே என்றும், தூங்கும்போது கதவைச் சற்றுத் திறந்து வைக்கவும் என்றும் எழுதியிருந்தார். கூடவே ஒரு கேள்வி: எடையில் திருப்திதானே?

"மூச்சாம்" என்றாள்.

"நீ மூச்சு விடாமத் தூங்கிப் பழகணும்" என்றார் வீட்டுக்காரர்.

"விளையாடாதீங்க. ராத்திரி முழுக்க மூச்சு விட்டா ஒரு டம்ளர் வரும். இது அரை வாளி."

"அப்ப அதை எழுது. உன் மூச்சை அளந்து எழுது."

அவள் உண்மையிலேயே அளந்தாள். கூடாரத்தை மொட்டை மாடியில் கட்டி, மழையில்லாத ஓர் இரவு முழுக்க அதற்குள் படுத்து, காலையில் உள்பக்கத்து ஈரத்தை ஒரு பஞ்சால் ஒற்றி எடுத்து எடை போட்டாள். 96 கிராம். அதையும் எழுதி அனுப்பினாள். இந்த முறை உடனே பதில் வந்தது. இவ்வளவு துல்லியமான வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை என்றும், வலது கால்மாட்டுத் தையலைத் தாமே முன்னின்று கவனித்துப் புதுக் கூடாரம் அனுப்புவதாகவும் சொன்னார்.

ஏப்ரல் முதல் வாரம் அது வந்தது. அட்டையில் 539.8 கி.

இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று இருவரும் அதை மாடியில் கட்டினார்கள். வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயைப் பிடித்தார். அவள் உள்ளே படுத்து, வலது கால்மாட்டுத் தையலை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம். கீழ்வீட்டுக்காரர் தலையை நீட்டி, செடி ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

"இல்ல, பொண்டாட்டிக்குத் தண்ணி ஊத்திட்டிருக்கேன்" என்றார் வீட்டுக்காரர்.

வலது கால்மாட்டில் ஒரு துளியும் இறங்கவில்லை. தையல் மேல் பசை, பளபளவென்று, கொஞ்சம் தாராளமாகவே பூசியிருந்தது. அவள் அதை விரலால் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி இரண்டாம் பயணம். மாலை வாசிப்பு முடிந்து படுத்த அரை மணியில் மழை பிடித்தது. அவள் எழுந்து உட்கார்ந்து வலது கால்மாட்டைப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. நிம்மதியாகச் சாய்ந்தாள். நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்தாள். இன்னொன்று. டார்ச்சைத் தூக்கிப் பார்த்தால், இடது தலைமாட்டுத் தையல் நெடுகிலும் அதே முத்துச்சரம்.

படுக்கையைத் திருப்பிப் போட்டுப் படுக்கலாம் என்று பார்த்தாள். ஆளின் அளவுக்கென்றே செய்த கூடாரத்தில் திருப்பிப் போட இடமில்லை. தோள் பக்கம் அகலம், கால் பக்கம் குறுகல். ஆனாலும் கால்மாட்டின் குறுகலில் தலையைத் திணித்துக்கொண்டு, நனைகிற தூக்கப்பையின் எடை ஏறுவதைக் காலில் உணர்ந்தபடி கிடந்தாள். காலையில் வாசிப்பை எடுக்கும்போது விரல் வளையவில்லை. கீழே இறங்கி வந்தபோது முழங்கால் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. இந்த முறை நாலு கோடு.

மேற்பார்வையாளர் அவளைக் கேட்கவே இல்லை. அட்டவணையில் ஒல்லியின் பெயரைப் பென்சிலால் எழுதி, அவள் பார்க்கும்படி வைத்திருந்தார். பென்சில்தான் என்பது ஒரு மரியாதை.

"மூணாவது பயணம் மே ஆறாம் தேதி" என்றார். "ஆறு வாசிப்பும் வேணும்மா. ஒண்ணு குறைஞ்சாலும் இதை நான் பேனாவுல எழுதிருவேன். கோபிச்சுக்காதீங்க."

ஒல்லி வெளியே நடைவழியில் நின்றிருந்தான். "அக்கா, நான் கேக்கல" என்றான். "உங்க ரூட்டை நான் கேக்கவே இல்ல."

"தெரியும்டா. போ."

அன்றைக்கு எழுதின கடிதத்தில் எண்கள் குறைவு. அதற்கு வந்த பதிலில் அறிவுரை அதிகம். கூடாரத்தைத் தளர்வாகக் கட்டியிருக்கலாம். கூடாரத்தைத் தாங்கி நிற்கும் நடைக்கோலின் உயரம் 125 சென்டிமீட்டர்தானா என்று சரிபார்க்கவும். இழுகயிறுகளின் கோணத்தைப் படம் எடுத்து அனுப்பவும். வலது கால்மாட்டுப் பிரச்சினை தீர்ந்ததில் மகிழ்ச்சி. அந்தக் கடைசி வரியைப் படித்தபோது அவளுக்குத் தலைக்குள் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. கதவுக் குமிழ் கழன்றுவிட்டது என்று சொன்னால் ஜன்னலைத் துடைத்துவிட்டு நன்றி சொல்கிற ஆள். திட்டினாலாவது திருப்பித் திட்டலாம். இவர் பணிவாகவே கொல்கிறார்.

"நேர்ல போறேன்" என்றாள்.

"முட்டியோடயா?"

"பஸ்ல உக்காந்துதான போகப் போறேன்."

நான்கு மணி நேரப் பயணம். ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி பதினொரு மணிக்கு அவள் ஒரு டயர் கடையின் மாடிப்படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினாள். மேலே ஒரே நீள அறை. நடுவில் வெட்டுமேசை, ஜன்னலோரம் இரண்டு தையல் எந்திரம், சுவரெல்லாம் துணிச் சுருள். மூலையில், நகைக்கடையில் இருப்பதுபோல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு. அறையிலேயே தூசு படியாத பொருள் அது ஒன்றுதான்.

கூடாரம் செய்கிறவர் எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும், வெயிலில் கருத்த முகம், மெல்லிய குரல். அவள் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"மேடம், நீங்களா? மூச்சை எடை போட்டு அனுப்பினவங்கதானே? அதை நான் ப்ரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். அக்கா, இவங்கதான்."

ஜன்னலோரம் எந்திரத்தில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய அக்கா, தையல் முழுக்க அவள் கை. வாயில் குண்டூசி வைத்திருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள்.

மில்லி பையிலிருந்து கூடாரத்தை எடுத்து மேசையில் போட்டாள். "ஒழுகுது" என்றாள்.

அவர் அதைக் கையில் வாங்கினார். தையலைப் பார்க்கவில்லை. நேரே தராசுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்தார். எண் ஓடி நின்றது. "541.1. ஒரு கிராம் மண்ணு ஒட்டியிருக்கு. எடை ஏறவே இல்ல, பாருங்க."

"நான் எடையைப் பத்திச் சொல்லல."

"சுருங்கவும் இல்ல, நீளவும் இல்ல..."

"சார். ஒழுகுது. தலையில ஒழுகுது. மொதல்ல கால்ல ஒழுகுச்சு, இப்பத் தலையில ஒழுகுது. அடுத்தது நடுவுல ஒழுகுமா, இல்ல எங்க ஒழுகணும்னு நானே படிவத்துல எழுதித் தரணுமா?"

எந்திரத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்கா குண்டூசிகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"ஒழுகாது மேடம். எல்லாத் தையலுக்கும் பசை பூசுறோம்" என்றார் அவர்.

"எல்லாத் தையலுக்கும் பூசல, தம்பி" என்றாள் அக்கா.

"பூசுறோம்க்கா."

"நீ பூசுறியா, நான் பூசுறேனா? கப்பு காலியாகுற வரைக்கும் பூசுறேன்."

மில்லி அவள் பக்கம் திரும்பினாள். "எந்தக் கப்பு?"

அக்கா எழுந்து வந்து காட்டினாள். மருந்து குடிக்கிற அளவில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை. தைத்து முடித்த கூடாரத்தைத் தம்பி எடை போடுவார். வாடிக்கையாளர் எழுதின எடையிலிருந்து அதைக் கழிப்பார். மிச்சம் எவ்வளவோ, அவ்வளவு பசையை, காய்ந்தால் குறைகிற எடையையும் கணக்கில் சேர்த்து, அந்தக் கோப்பையில் அளந்து ஊற்றிக் கொடுப்பார். தூரிகை ஒன்று. அக்கா உச்சித் தையலில் ஆரம்பிப்பாள். அப்புறம் இடது பக்கம் இரண்டு, அப்புறம் வலது பக்கம் இரண்டு. கோப்பை காலியானால் வேலை முடிந்தது.

"வழக்கமான சைஸுக்குச் சரியா வரும்" என்றாள் அக்கா. "வழிச்சு வழிச்சுப் பூசினா கடைசித் தையல் வரைக்கும் எட்டிரும். உங்களுது ஆறரை அடிக்கு மேல நீளம். துணியே கூட. தையலும் கூட. பசைக்கு மிச்சம் இருந்தது பத்தொம்பது கிராம். வலது கால்மாட்டுக்கு வர்றதுக்குள்ள கப்பைத் தொடைச்சாச்சு."

"ரெண்டாவது?"

"ரெண்டாவதுக்கு இவன் சொன்னான், வலது கால்மாட்டுல புகார், அங்கேர்ந்து ஆரம்பின்னு. அங்கேர்ந்து ஆரம்பிச்சேன். நல்லாவே பூசினேன். இடது தலைமாட்டுல தீந்துபோச்சு."

மில்லிக்குக் கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நெஞ்சுக்குள்ளேயே சுற்றியது. மாடியில் முக்கால் மணி நேரம் ஒரே தையலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது ஞாபகம் வந்தது. அந்த விஷயத்தில் இந்த ஆளுக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அது இன்னும் எரிச்சலூட்டியது.

"இதை என்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"நீங்க 540-ன்னு எழுதியிருந்தீங்க மேடம்" என்றார் அவர். குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை; உண்மையாகவே விளங்கவில்லை என்கிற தொனி. "550-ன்னு எழுதியிருந்தா நான் 550-க்குச் செஞ்சிருப்பேன். எழுதின எடைக்கு மேல ஒரு கிராம் போனாலும் அது என் வேலை இல்ல. நாலு வருஷத்துல ஒருத்தருக்கும் கூடினதில்ல."

"ஒருத்தருக்கும் ஒழுகலையா?"

"அது மூச்சு..." என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார்.

"என் ஸ்லீப்பிங் பேக் காஞ்சிருந்தா 780. நனைஞ்சு இறங்கினப்ப 1,460. 680 கிராம் தண்ணி. உங்க டென்ட்டை விடக் கூட. நீங்க ஒரு தையலுக்கான பசையை மிச்சம் பிடிச்சு எனக்கு 680 கிராம் தூக்க வச்சிருக்கீங்க."

அவர் யோசித்தார். நேர்மையாக யோசிப்பது முகத்தில் தெரிந்தது. "ஆனா அது ஸ்லீப்பிங் பேக்கோட எடை மேடம். என் கணக்குல வராது."

மில்லி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். முழங்கால் விண்விண் என்றது. இவரை அடிக்கவும் முடியாது, இவரிடம் அழவும் முடியாது. அக்கா ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள்.

"இதே கதையைத்தான் நான் நாலு வருஷமாப் பேசுறேன்" என்றாள். "இவனுக்குக் காதுல தராசு வச்சிருக்கு. எண் சொன்னாக் கேக்கும், வார்த்தை சொன்னாக் கேக்காது."

"அக்கா, வாடிக்கையாளர் முன்னாடி..."

"வாடிக்கையாளர் நனைஞ்சிட்டு வந்து உக்காந்திருக்காங்கடா."

மில்லி தண்ணீரைக் குடித்தாள். "மிச்சத் தையலுக்கும் பசை போட்டா எவ்வளவு கூடும்?" என்று அக்காவைக் கேட்டாள்.

"முப்பது கிராம். முப்பத்தஞ்சு வரும்."

"போடுங்க."

"540-ன்னு..." என்றார் தம்பி.

"அதை அடிச்சிட்டு வேற எழுதுறேன். படிவத்தைக் கொண்டாங்க."

"அது முடியாது மேடம். ஆர்டர் பதிஞ்சாச்சு. என் லேபிளோட 570 கிராம் டென்ட் ஒண்ணு, 540-ன்னு ஆர்டர் எடுத்து, வெளிய போச்சுன்னா..." வாக்கியத்தை முடிக்க முடியாமல் கையை விரித்தார். "வேணும்னா கால்மாட்டுல பத்து சென்டிமீட்டர் குறைச்சுத் தரேன். பசைக்கு இடம் கிடைக்கும்."

"என் காலையும் பத்து சென்டிமீட்டர் குறைச்சுத் தருவீங்களா?"

அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து நூல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்தாள். கூடாரத்தின் கதவோரம் தைத்திருந்த லேபிளை நாலே இழுப்பில் பிரித்து, தம்பியின் சட்டைப்பையில் போட்டாள். "இந்தா. உன் பேரு இல்ல. இப்ப இது உன் டென்ட் இல்ல, இவங்க துணி. தைக்கக் கொண்டாந்திருக்காங்க."

அவர் லேபிளை வெளியே எடுத்துப் பார்த்தார். "ஒண்ணேகால் கிராம்" என்று முணுமுணுத்தார். பிறகு தராசுப் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, தூசு இல்லாத கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அக்கா பசை டப்பாவையே திறந்து வைத்துக்கொண்டு, கோப்பை இல்லாமல், ஐந்து தையலிலும் இரண்டு பக்கமும் பூசினாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. மில்லி அந்த ஒரு மணி நேரமும் பக்கத்தில் நின்று, தூரிகை விட்ட இடத்தையெல்லாம் விரலால் காட்டினாள். அக்கா முதலில் பொறுத்துக்கொண்டாள், மூன்றாவது தையலில், "நீங்க உங்க ஆபீஸ்லயும் இப்பிடித்தானா?" என்று கேட்டாள்.

"இப்பிடித்தான்."

"பாவம் அவங்க."

ஒரு நாள் காய வேண்டும், அப்புறம் பசை ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கப் பவுடர் தூவி மடித்து அனுப்புகிறேன் என்றாள். மில்லி கிளம்பும்போது தம்பி படிக்கட்டு வரை வந்தார். ஏதோ மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? ஏன் 540? 500 இல்லாம, 550 இல்லாம?"

"எட்டுக் கிலோவுல அதுதான் மிஞ்சுச்சு."

"மத்ததுல எதையாவது குறைச்சிருக்கலாமே."

அவள் படியில் இறங்கிக்கொண்டே, "குறைச்சிட்டேன்" என்றாள். சொல்லும்போதே அது முழு உண்மை இல்லை என்று பட்டது.

பார்சல் ஏப்ரல் இருபத்தாறாம் தேதி வந்தது. அட்டை இல்லை. வீட்டுத் தராசில் 572 கிராம். மாடியில் கட்டி, இந்த முறை ஐந்து தையலுக்கும் தனித்தனியே இருபது நிமிடம் தண்ணீர் பாய்ச்சினார்கள். எங்கேயும் இறங்கவில்லை.

"ஒழுகல" என்றார் வீட்டுக்காரர், குழாயை மூடிவிட்டு.

"போன தடவையும் மாடியில ஒழுகல."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற? ஹெலிகாப்டர்ல ஏறி ஊத்தவா?"

அவள் பையைப் பிரித்து மறுபடி எடை போட ஆரம்பித்தாள். முப்பத்திரண்டு கிராம் எங்கேயாவது குறைய வேண்டும். மருந்துப் பெட்டியில் கை வைக்க முடியாது, பேட்டரியில் முடியாது, அவை மேற்பார்வையாளரின் பட்டியலில் இருக்கின்றன. நிலக்கடலைப் பொட்டலத்தைத் திறந்து, ஒரு கைப்பிடி அள்ளித் தட்டில் வைத்தாள். தராசைப் பார்த்தாள். இன்னும் நாலைந்து கடலை எடுத்தாள். சரியாக வந்தது.

இரண்டு மாதம், இரண்டு கூடாரம், ஆறு கோடு, எட்டு மணி நேரப் பேருந்து. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் வந்து, தட்டிலிருந்ததை இரண்டு வாயில் தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்றார். அவர் மேல் எதையாவது எறிய வேண்டும்போல் இருந்தது. எறிவதற்குக் கையில் கூடாரம்தான் இருந்தது. அதை எறிந்தால் வலிக்கவும் வலிக்காது.

மே ஆறாம் தேதி காலை கிடங்குத் தராசில் அவள் பை எட்டுக் கிலோ காட்டியது. மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டார். மதியம் இரண்டு மணிக்கு மேலே போய்ச் சேர்ந்து, நடைக்கோலை 125 சென்டிமீட்டருக்கு நீட்டி, இழுகயிறுகளை விறைப்பாகக் கட்டினாள். மேற்கே மேகம் திரண்டிருந்தது. கூடாரத்தின் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். வா, வந்து பெய் என்று இருந்தது. ஐந்து மணிக்குக் காற்று திரும்பி, மேகம் அடுத்த முகட்டுக்குப் போயிற்று. மறுநாளும் திரண்டது, மறுநாளும் போயிற்று. மூன்றாம் நாள் தலைக்கு மேல் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் எதிர்முகட்டில் மின்னுவதைப் பார்த்துக்கொண்டு, காய்ந்த தூக்கப்பைக்குள், வாய்விட்டு நாலு கெட்ட வார்த்தை சொன்னாள். கேட்பதற்கு யாருமில்லை.

ஆறு வாசிப்பும் எடுத்தாள். ஆறும் 0.0.

மேற்பார்வையாளர் பதிவேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோடு எதுவும் இல்லை. "பூஜ்யமும் வாசிப்புதான்" என்றார்.

"ஆமா சார்."

"டென்ட்டு சரியாயிருச்சா?"

"தெரியல சார்."

அவர் இழுப்பறையிலிருந்து அழிப்பானை எடுத்துப் பென்சில் எழுத்தை அழித்தார். மே பன்னிரண்டாம் தேதி வெளியான பணி ஒதுக்கீட்டு ஆணையின்படி, அக்டோபர் முடிய நான்காம் வழித்தடம் அவளுக்கு ஒதுக்கப்பட்டது. கணினி அறையின் இடம் காலியாகவே விடப்பட்டது. குடிலின் கூரை பற்றி ஆணையில் எதுவும் சொல்லப்படவில்லை.